புழுங்கலரிசியும் உடல்நலமும்
பயன்தரும் உணவை ஆக்கலும் அதன் நலத்தைக் கண்காணித்தலும்

நெல் விளைவிப்போன் நெல்லை மட்டும் விளைவிப்பதில்லை. உண்போரின் உடல்நலத்தையும் விளைவிக்கிறான். ஒரே வயலில் ஒரே நாளில் அறுத்த நெல்லை இரு கூறாக்கி, ஒரு கூற்றை ஒரு முறையாலும் மற்றைக் கூற்றை வேறொரு முறையாலும் அரிசியாக்கினால், அவ்விரண்டு அரிசியும் உண்போருக்கு ஒரே பயனைத் தருவதில்லை. ஒன்று நோயைத் தடுக்கும். மற்றொன்று, வேறு நல்லுணவு இல்லாதவிடத்து, நோய்க்கு வழிவிடும். இவ்வுண்மை ஆயிரக்கணக்கானோர் இறந்த பின்னரே உலகிற்குப் புலனாயிற்று. அது எவ்வாறு புலனாயிற்று என்பதையும், அதிலிருந்து நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர் அறிந்துகொள்ள வேண்டியவை யாவை என்பதையும் இத்துண்டுப் பிரசுரம் எடுத்துக் கூறுகின்றது.

1. தொழிற்பாட்டுணவு என்பது யாது?

பசியைத் தீர்த்து உடலுக்குச் சத்தியைத் தருவது எல்லா உணவுக்கும் பொதுவான குணமாகும். அதற்கு மேலாக, உடலின் குறிப்பிட்ட ஒரு தொழிற்பாட்டுக்குச் சிறப்பாகத் துணைசெய்து, நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கின்ற உணவைத் ‘தொழிற்பாட்டுணவு’ என இக்காலத்து அறிஞர் அழைப்பர். இத்தகைய உணவுகளுக்கெனத் தனி விதிகளை முதன்முதலில் 1991 ஆம் ஆண்டில் வகுத்த நாடு யப்பான் ஆகும்.

பெயர் புதிதாயினும் பொருள் பழையது. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திக் குற்றி உண்ணும் வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலமாக உள்ளது. இவ்வாறு பெறும் புழுங்கலரிசி உண்மையில் ஒரு தொழிற்பாட்டுணவே. நம் முன்னோர் அதனைச் சுவைக்காகவும், குற்றும்போது குறுணல் குறைவதற்காகவும், நெடுநாள் கெடாமலிருப்பதற்காகவும் ஆக்கினர். அது நோயையும் தடுத்தது என்பது பின்னர் வந்த ஆராய்ச்சியாலேயே தெளிவாயிற்று.

ஓர் உணவு நன்மை தருமென்று சொல்வது எளிது. அதனை மெய்ப்பிப்பது அரிது. ஒருமுறை மெய்ப்பித்த பின்னும், அது ஒவ்வொரு முறையும் அந்நன்மையைத் தருகின்றதா, தீங்கு யாதும் அதனுடன் கலந்து வருகின்றதா என்று இடைவிடாது கவனித்தல் வேண்டும். ஆக்கல், மெய்ப்பித்தல், கண்காணித்தல் என்னும் மூன்றும் சேர்ந்தவிடத்தே உணவு நம்பத்தக்கதாகும்.

2. நெல்மணியின் அமைப்பு

நெல்மணியின் வெளிப்புறத்தே உமி உளது. உமியை நீக்கினால் தவிட்டுப் படையுடன் கூடிய அரிசி காணப்படும். சிவப்பு நெல்லினத்தில் அந்நிறம் இத்தவிட்டுப் படையிலேயே உளது. அரிசியின் ஒரு முனையில் சிறிய முளை அமைந்துள்ளது. உள்ளே வெண்ணிறமான மாப்பகுதி நிறைந்துள்ளது.

உடலுக்கு வேண்டிய தயமின் என்னும் விற்றமினும், நாரும், நெய்ப்பொருளும் பெரும்பாலும் தவிட்டிலும் முளையை ஒட்டிய பகுதியிலுமே உள்ளன. மாப்பகுதியில் அவை மிகக் குறைவு. தீட்டாத அரிசி 100 கிராமில் தயமின் ஏறக்குறைய 0.4 மில்லிகிராம் இருக்கும். அதனையே பச்சையரிசியாக வெண்மையுறத் தீட்டினால் எஞ்சுவது 0.1 மில்லிகிராமிலும் குறைவு. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய தயமின் 1 மில்லிகிராமிற்குச் சற்றுக் கூடுதலாகும். சோற்றையே பெரும்பங்காக உண்ணும் குடும்பத்திற்கு இவ்வேற்றுமை சிறியதன்று.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது நிகழ்வது யாது? தயமின் நீரிற் கரையும் இயல்புடையது. ஊறும்போதும் ஆவி ஏறும்போதும் அதன் ஒரு பகுதி தவிட்டிலிருந்து மாப்பகுதியினுட் செல்கின்றது. மாவும் வெந்து இறுகிச் சத்துள்ள வெளிப்படையைத் தன்னுடன் பற்றிக்கொள்கின்றது. ஆகவே பின்னர்த் தீட்டினாலும் சத்து முழுவதும் தவிட்டோடு போய்விடுவதில்லை. புழுங்கலரிசியின் சிறப்பு இதுவேயாகும்.

3. பெரிபெரி நோயும் அரிசியும்

தயமின் போதாவிடில் உண்டாகும் நோய் பெரிபெரி எனப்படும். கால்கள் மரத்து வலுவிழக்கும். சிலருக்கு உடல் வீங்கும். இருதயம் தளர்ந்து மரணமும் நேரும். பாலூட்டும் தாய்க்கு இச்சத்துக் குறையின், தாயிடம் நோயின் அறிகுறி வெளிப்படாத போதும் கைக்குழந்தை சில நாளிலேயே இறந்துவிடக்கூடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆவியால் இயங்கும் அரிசி ஆலைகள் கீழைநாடுகளிற் பரவின. வெண்மையாகத் தீட்டிய அரிசி மலிவாகக் கிடைத்தது. அதனுடன் பெரிபெரியும் சிறைகளிலும் படைமுகாம்களிலும் சுரங்கங்களிலும் பரவலாயிற்று. இது கிருமியால் வரும் தொற்றுநோயென்றே அக்கால வைத்தியர் பலர் கருதினர்.

யாவாத் தீவின் பத்தேவியா நகரில், அதாவது இன்றைய யகார்த்தாவில், கிறித்தியான் எயிக்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர் இந்நோயை ஆராய்ந்தார். அவருடைய ஆய்வுசாலைக் கோழிகள் திடீரெனக் கால் தள்ளாடி விழுந்தன. சில காலத்தின் பின் தாமாகவே குணமடைந்தன. காரணத்தைத் தேடியபோது, நோயுற்ற காலத்தில் வைத்தியசாலைச் சமையலறையிலிருந்து வந்த தீட்டிய அரிசிச் சோறு கோழிகளுக்கு இடப்பட்டதென்பதும், புதிய சமையற்காரர் அதனைக் கொடுக்க மறுத்தபின் தீட்டாத அரிசி இடப்பட்டதென்பதும் தெரியவந்தன. அவருடைய நண்பரான போர்டெர்மன் என்பவர் யாவாவின் நூறளவான சிறைச்சாலைகளின் கணக்குகளைத் தொகுத்தார். தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் நோயுற, தீட்டாத அரிசி வழங்கிய சிறைகளில் ஏறக்குறைய 10,000 பேருக்கு ஒருவரே நோயுற்றனர். எயிக்மனுக்கு 1929 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

மலாயாவில் நிகழ்ந்தது நம்மவருக்கு மேலும் நெருங்கியது. அங்கே சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் வெண்மையாகத் தீட்டிய பச்சையரிசியை உண்டனர். அவர்களிடையே பெரிபெரி மிகுதியாக இருந்தது. தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர் இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசியை உண்டனர். அவர்களிடம் அந்நோய் மிக அரிதாகவே காணப்பட்டது. பிராடன் என்னும் வைத்தியர் இவ்வேற்றுமையைச் சுட்டிக்காட்டி, நோய்க்குக் காரணம் அரிசியே என்று வாதித்தார். எனினும் இரு சாராரும் வேறு வேறு இடங்களில் வாழ்ந்து வேறு வேறு கறிகளை உண்டவராதலின், அரிசிதான் காரணமென்று பலர் ஒப்பவில்லை.

ஐயத்தைத் தீர்க்க வில்லியம் பிளெச்சர் என்னும் வைத்தியர் 1905 ஆம் ஆண்டின் இறுதியிற் கோலாலம்பூர் மனநோயாளர் வைத்தியசாலையில் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். நோயாளரை வரிசையாக நிறுத்தி இலக்கமிட்டு, ஒற்றை இலக்கத்தாரை ஒரு பக்கத்திலும் இரட்டை இலக்கத்தாரை மறுபக்கத்திலும் தங்கச் செய்தார். ஒரு பக்கத்தாருக்குப் பச்சையரிசியும் மறுபக்கத்தாருக்குப் புழுங்கலரிசியும் ஓராண்டுக்கு மேலாக வழங்கினார். மற்றைய உணவெல்லாம் ஒன்றே. தங்கிய கட்டடமே நோய்க்குக் காரணமாகலாமோ என்ற ஐயம் எழாதவாறு, இடையில் இரு சாராரின் தங்குமிடங்களையும் மாற்றினார். பச்சையரிசி உண்டவர்களிற் பலர் பெரிபெரியுற்றனர், சிலர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டவரிடையே அந்நோய் ஏறக்குறைய இல்லையென்றே கூறலாம். சில ஆண்டுகளின் பின் பிரேசர், தாந்தன் என்னும் இருவர் நெகிரி செம்பிலானில் வீதி அமைத்த யாவாத் தொழிலாளர் ஏறக்குறைய 300 பேரிடம் இத்தகைய பரிசோதனையை நடாத்தி, அரிசியை மாற்ற நோயும் மாறுவதைக் கண்டனர்.

அதன்பின் 1926 ஆம் ஆண்டில் தவிட்டிலிருந்து தயமின் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. 1936 ஆம் ஆண்டில் அது செயற்கையாக ஆக்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டு பிலிப்பைன் தீவுகளிற் பத்தான் மாகாணத்தில், தயமின் ஊட்டிய அரிசிமணி ஒன்றுக்குச் சாதாரண அரிசிமணி 200 என்ற அளவிற் கலந்து மக்களுக்கு விற்கப்பட்டது. அம்மாகாணத்தின் ஒரு பகுதிக்கு இவ்வரிசியையும் மறுபகுதிக்குச் சாதாரண அரிசியையும் வழங்கி ஒப்பிட்டபோது, சத்தூட்டிய அரிசி உண்ட பகுதியிற் பெரிபெரி மரணங்கள் பெரிதும் குறைந்தன.

இது பழங்கதையென்று எண்ணலாகாது. இந்து சமுத்திரத்திலுள்ள மயோத்தே என்னும் தீவில் 2004 ஆம் ஆண்டில் தாய்ப்பாலருந்திய குழந்தைகள் பல இந்நோயால் இறந்தன. அங்கும் தாய்மாரின் முதன்மை உணவு தீட்டிய அரிசியே.

4. இவற்றால் நாம் அறிவது யாது?

முதலாவது, பயனைத் தனியொருவரின் அனுபவத்தைக் கொண்டு மட்டும் துணிதல் கூடாது. பிளெச்சர் செய்தது போல, மற்றவையெல்லாம் ஒத்திருக்க ஒன்றை மட்டும் மாற்றி, இரு சாராரை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பசளையைச் சோதிக்கும் கமக்காரர் வயலை இரு பாத்தியாகப் பிரித்து, ஒன்றிற்கு இட்டு மற்றதற்கு இடாது விடுவர். உணவைச் சோதிக்கும் முறையும் அதுவே.

இரண்டாவது, ஒரு நோய்க்கு மெய்ப்பிக்கப்பட்ட உணவு எல்லா நோய்க்கும் மருந்தாகாது. புழுங்கலரிசி பெரிபெரியைத் தடுக்கும் என்பது நிறுவப்பட்டது. புழுங்கலரிசிச் சோறு பல நெல்லினங்களிற் பச்சையரிசிச் சோற்றிலும் மெதுவாகவே குருதியில் வெல்லத்தை ஏற்றுகின்றது என்பதும் உண்மையே. ஆனால் அவ்வளவு நெல்லினத்திற்கும் அவிக்கும் முறைக்கும் ஏற்ப வேறுபடும்; உண்ணும் சோற்றின் அளவு கூடினால் அந்நன்மையும் அற்றுப்போகும். ஆகவே நீரிழிவுள்ளவர் அரிசியை மாற்றினாலும் வைத்தியர் தந்த மருந்தை நிறுத்தலாகாது.

மூன்றாவது, உணவின் பயன் அதனை ஆக்கும் முறையிலே தங்கியுள்ளது. முறை பிழைத்தால் அதே புழுங்கலரிசி தீங்கையும் தரும். அதனை இனி விளக்குவோம்.

5. நல்ல புழுங்கலரிசி ஆக்கும் முறை

நெல்லைத் தெரிதல்: நன்றாக முற்றிய நெல்லையே அவித்தல் வேண்டும். சூடடித்த நெல்லைத் தூற்றிச் சப்பி, வைக்கோற்றுண்டு, கல், மண் என்பவற்றை நீக்குக. பூஞ்சணம் பிடித்த நெல்லையும், மழையில் நனைந்து கட்டியாகிச் சூடேறிய நெல்லையும் அவிக்கலாகாது. அவித்தலால் அக்குற்றம் மறையுமேயன்றி நீங்காது.

ஊறவைத்தல்: குடிக்கத் தகுந்த தூய நீரையே பயன்படுத்துக. குளிர்ந்த நீரில் ஒன்று அல்லது இரண்டு நாள் ஊறவைப்பது பழைய முறை. இதில் நெல் புளித்து, நாற்றமும் பூஞ்சணமும் உண்டாக இடமுண்டு. ஆதலின் நீரைக் காலையும் மாலையும் மாற்றுதல் வேண்டும். இதனிலும் நல்லது வெந்நீர் முறையாகும். நீரை நன்கு சூடாக்கி நெல்லை இட்டால், கலவையின் சூடு ஏறக்குறைய 70 பாகை செல்சியசில் நிற்கவேண்டும். பாத்திரத்தை மூடி 3 அல்லது 4 மணி நேரம் விட்டால் நெல் போதிய அளவு ஊறும். சூடு இதனிலும் மிகுந்தால் உமி வெடித்து மாவும் சத்தும் நீரிற் கலந்துவிடும்.

அவித்தல்: ஊறிய நீரை முற்றாக வடித்தபின் ஆவியில் அவிக்குக. உமி பிளவுபடத் தொடங்குதலே போதிய பதத்தின் அடையாளம். அதன் மேலும் அவித்தால் அரிசி கறுப்பதோடு தயமினும் அழியும். நிறத்திற்காகவோ விரைவிற்காகவோ சோடாவைச் சேர்த்தல் கூடாது. காரம் தயமினைக் கெடுக்கும்.

உலர்த்தல்: முழு வேலையிலும் மிகக் கவனம் வேண்டியது இதுவே. அவித்த நெல்லின் ஈரம் நூற்றுக்கு 30 பங்கிற்கு மேலாகும். அதனைக் குவித்து வைத்தால் ஓரிரவிலேயே பூஞ்சணம் படரத் தொடங்கலாம். ஆகவே மறுநாள் வெயிலடிக்குமென்று உறுதியில்லாத நாளில் நெல்லை ஊறப்போடுதல் வேண்டாம். அவித்தவுடன் சீமந்துத் தரையிலோ பாயிலோ படங்கிலோ மெல்லிய படையாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிடுக. வெறுந்தரையிற் பரப்புதல் தகாது. ஈரம் பெருமளவு குறைந்ததும், நிழலிற் சில மணி நேரம் கூட்டி வைத்து, பின்னர் மீண்டும் பரப்பி உலர்த்துக. இவ்வாறு இருமுறையாக உலர்த்தினால் மணியின் உள்ளீரம் சமமாகி, குற்றும்போது குறுணல் குறையும். இறுதி ஈரம் நூற்றுக்கு 14 பங்கிற்கு மேற்படலாகாது. ஈரமானியாற் சோதிப்பதே திட்டமான வழி. அஃது இல்லாவிடத்துப் பல்லிற் கடித்துப் பார்க்குக. நசியாமற் சடக்கென முறிதல் வேண்டும்.

களஞ்சியப்படுத்தல்: சூடு ஆறிய பின்னரே சாக்கில் இடுக. சாக்குகளை நிலத்தில் வையாது, பலகைத் தட்டின்மேல் சுவரைத் தொடாதவாறு அடுக்குக. கூரை ஒழுக்கையும் எலி, வண்டு, அந்து என்பவற்றையும் தடுக்குக.

6. தீங்கு நுழையும் வாயில்கள்

பூஞ்சண நஞ்சு: இங்கிலாந்தில் 1960 ஆம் ஆண்டில் 100,000 இற்கு மேற்பட்ட வான்கோழிகள் திடீரென இறந்தன. அவற்றிற்கு இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கிற் பூஞ்சணம் பிடித்திருந்தமையே காரணமென்று பின்னர்க் கண்டனர். அப்பூஞ்சணம் விடும் நஞ்சு அபிளதொட்சின் எனப்படும். அது ஈரலைத் தாக்கிப் புற்றுநோயையும் உண்டாக்கக் கூடியது. நமது நாட்டு அரிசி மாதிரிகளை ஆராய்ந்து 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, பச்சையரிசியிலும் புழுங்கலரிசியிலேயே இந்நஞ்சு கூடுதலாகக் காணப்பட்டதெனக் கூறியது. இதனாற் புழுங்கலரிசி தீயதென்று கொள்ளலாகாது. ஊறவைத்தலிலும் உலர்த்தலிலும் நேர்ந்த கவனக்குறைவு நல்ல உணவையும் கெடுக்குமென்றே கொள்ளல் வேண்டும். இந்நஞ்சு சாதாரண சமையற் சூட்டில் அழியாது. கழுவி வெயிலிற் காயவைத்தாலும் நஞ்சு முற்றாக நீங்காது. பூஞ்சணம் பிடித்த நெல்லைக் கோழிக்கும் மாட்டிற்கும் இடுதலும் தவறாகும்.

பீடைநாசினி: கடைசியாகத் தெளித்த நாளுக்கும் அறுவடை நாளுக்கும் இடையே விடவேண்டிய நாட்கள் ஒவ்வொரு மருந்தின் சுட்டுத்துண்டிலும் குறிக்கப்பட்டுள்ளன. நஞ்சு பெரும்பாலும் மணியின் வெளிப்பகுதியிலே தங்குமாதலின், தவிட்டோடு உண்ணும் அரிசிக்கு இவ்விதி மேலும் இன்றியமையாதது. சத்தை விரும்பித் தீட்டாத அரிசியை வாங்குவோனுக்கு நஞ்சையும் சேர்த்துக் கொடுத்தல் ஆகாது. களஞ்சிய நெல்லின்மேல் வயலுக்குரிய மருந்தைத் தூவுதல் எக்காலத்தும் கூடாது.

நீரும் பாத்திரமும்: நெல் ஊறும்போது நீரிலுள்ளவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். தொழிற்சாலைக் கழிவோ வீட்டுக் கழிவோ சேரும் வாய்க்கால் நீரைத் தவிர்க்குக. மருந்து, எண்ணெய் என்பன இருந்த பீப்பாய்களை எத்துணை கழுவினாலும் நெல் அவிக்கப் பயன்படுத்தலாகாது.

7. ஆலையிலும் அடுப்பிலும் சத்தைக் காத்தல்

வயலிற் பெற்ற பயனை ஆலையில் இழத்தல் எளிது. ஆலைக்காரரிடம் மெல்லிய தீட்டலே வேண்டுமென்று கேட்டுப் பெறுக. சிவப்பரிசியை வெண்மையுறத் தீட்டினால் அதன் நாரும் நிறப்பொருளும் தவிட்டோடு போய்விடும். பின்னர் அதனைச் சிவப்பரிசியென்று சிறப்பித்து விற்பதிற் பொருளில்லை. தீட்டாத பச்சையரிசியின் தவிட்டிலுள்ள நெய் விரைவிற் காறிப்போகும். ஆகவே அதனைச் சிறிது சிறிதாகக் குற்றி விரைவில் உபயோகித்தல் வேண்டும். புழுங்கலின் தவிடு அத்துணை விரைவிற் காறுவதில்லை.

அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவுதலும், மிகுந்த நீரில் வேகவைத்துக் கஞ்சியைக் கொட்டுதலும் தயமினை வீணாக்கும். கல்லும் தூசும் போகுமளவுக்கு மட்டும் கழுவி, அளவான நீரிற் சமைக்குக. கஞ்சி வடித்தால் அதனைக் குடிக்கவேனும் கறியிற் சேர்க்கவேனும் செய்க.

அரிசி மட்டும் போதுமென்று இருத்தலும் தவறு. பயறு, உளுந்து, கௌபீ, நிலக்கடலை என்பவற்றிலும் தயமின் உளது, புரதமும் உளது. நெல் அறுத்த வயலில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு பயற்றை விளைவித்தால், மண்ணும் வளம்பெறும். வீட்டுத் தட்டும் நிறைவுபெறும்.

8. மரக்கறியும் அளவும்

முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை முதலிய இலைக்கறிகளிலும், பூசணி, கரட் என்பவற்றிலும் கரோற்றீன் உளது. உடல் இதனைக் கண்பார்வைக்கு வேண்டிய விற்றமின் ‘ஏ’ ஆக மாற்றிக்கொள்ளும். தேங்காய்ப்பாலோடு சமைத்தால் உடல் இதனை நன்கு ஏற்கும். மரக்கறி மிகுதியாக உண்போருக்குச் சில நோய்கள் குறைவென்பதைக் கண்ட அறிஞர் சிலர், கரோற்றீனை மட்டும் பிரித்துக் குளிகையாகக் கொடுத்தால் நன்மை பெருகுமென எண்ணினர். பின்லாந்து தேசத்திற் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் இதனைச் சோதித்தனர். முடிவு 1994 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. குளிகை உண்டவரிடையே நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை. நூற்றுக்கு 18 பங்கு கூடியிருந்தது.

உணவிலுள்ளபோது நன்மை தரும் பொருள், பிரித்தெடுத்துப் பேரளவில் உண்ணும்போது தீமையும் செய்யலாம் என்பது இதனால் விளங்கும். இப்பரிசோதனையை நடத்தாதிருந்தால் அத்தீமை எவருக்கும் தெரிந்திராது. இலைக்கறி உண்பதை இதன் பொருட்டு எவரும் அஞ்சவேண்டியதில்லை. தட்டில் இடும் இலைக்கறி வேறு, குளிகையிலுள்ள பேரளவு வேறு.

இலைக்கறி பயிரிடுவோர் கழிவுநீர் பாயும் இடங்களிற் பாத்தி அமைத்தலைத் தவிர்க்குக. பச்சையாகச் சம்பல் செய்து உண்ணும் வல்லாரைக்கு உக்காத மாட்டெருவை அறுவடையை அண்டி இடுதலும், அழுக்கு நீரிற் கழுவிக் கட்டுக்கட்டாக அனுப்புதலும் வயிற்றுநோயைப் பரப்பும்.

9. கண்காணித்தல்: யார், எங்கே, எதனை?

நமது நாட்டில் உணவுக்கான உப்பிற்கு அயடீன் சேர்த்தல் வேண்டுமென 1995 ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டது. கண்டமாலை நோயைத் தடுப்பதே நோக்கம். இத்திட்டத்தைக் கண்காணிக்கும் முறை நமக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். உப்பு ஆக்குமிடத்தில் அயடீனின் அளவைச் சோதிப்பர். வீடுகளிலுள்ள உப்பில் அது எஞ்சியுள்ளதா என்று பார்ப்பர். பாடசாலைப் பிள்ளைகளின் கழுத்தையும் சிறுநீரையும் சோதித்துப் பயன் உடலைச் சேர்ந்ததா என்று அறிவர். ஆக்குமிடம், அடுக்களை, உடல் என்னும் மூன்றிடத்தும் கண் வைத்தாலன்றி உண்மை தெரியாது.

இதில் உடலைச் சோதித்தல் சுகாதாரத் துறையினரின் பணி. ஆக்குமிடத்தைக் காத்தல் கமக்காரரின் பணியாகும். அதற்கு ஒரு கொப்பி போதும். ஒவ்வொரு முறை அவிக்கும்போதும் பின்வருவனவற்றை எழுதிவைக்குக:

(அ) நெல்லினம், விளைந்த வயல், போகம், அறுவடை நாள்.
(ஆ) கடைசியாகத் தெளித்த மருந்தின் பெயரும் நாளும்.
(இ) ஊறவைத்த நேரம். வெந்நீரா தண்ணீரா என்பது. நீர் எடுத்த இடம்.
(ஈ) உலர்த்திய நாட்கள், மழை இடையிட்டதா என்பது, இறுதி ஈரம்.
(உ) தீட்டிய ஆலை, தீட்டிய நாள், சாக்கின் இலக்கம், கொடுத்த இடம்.

ஒரு சாக்கிற் குற்றம் காணப்படின், இக்குறிப்பைக் கொண்டு அதனோடு அவித்த ஏனைய சாக்குகளை மட்டும் மீட்டெடுக்கலாம். குறிப்பு இல்லாவிடின் முழுக் களஞ்சியத்தையும் ஐயுற நேரிடும். ஒரு நாளின் கவனக்குறைவால் ஓராண்டின் நற்பெயர் கெடும்.

பாரம்பரிய நெல்லினங்களையும் சிவப்புப் புழுங்கலரிசியையும் பொதிசெய்து நல்ல விலைக்கு விற்கும் கமக்காரரும் சங்கங்களும் பெருகி வருதல் மகிழ்ச்சிக்குரியது. எனினும் பொதியின்மேல் எழுதுவது உண்மையாக இருத்தல் வேண்டும். நெல்லினத்தின் பெயர், புழுங்கலா பச்சையா என்பது, தீட்டிய அளவு, பொதிசெய்த நாள் என்பவற்றை எழுதுவது நன்று. நீரிழிவைக் குணமாக்கும், புற்றுநோயை ஒழிக்கும் என்றெல்லாம் எழுதுதல் தகாது. உணவின் விற்பனையும் விளம்பரமும் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்திற்கு அமைந்தவை. சட்டத்திலும் பெரியது மனச்சாட்சி. பொதியிலுள்ள சொல்லை நம்பி நோயாளி ஒருவர் மருந்தை நிறுத்தி உயிரிழந்தால், அப்பழி அரிசியைச் சேராது. அச்சொல்லை எழுதியவரையே சேரும்.

10. நினைவிற் கொள்ள வேண்டியவை

1. முற்றிய, தூய, பூஞ்சணமற்ற நெல்லையே அவிக்குக.
2. தூய நீரைப் பயன்படுத்துக. நெல்லைப் புளிக்க விடற்க.
3. உமி பிளந்ததும் அவித்தலை நிறுத்துக.
4. அவித்த நெல்லைக் குவித்து வையாது உடனே பரப்புக. ஈரம் நூற்றுக்கு 14 பங்கிற்கு மேற்படாதவாறு உலர்த்துக.
5. மருந்து தெளித்த நாளைக் கணக்கிட்டு அறுவடை செய்க.
6. மெல்லிதாகத் தீட்டுக, அளவாகக் கழுவுக, கஞ்சியை வீணாக்கற்க.
7. ஒவ்வோர் அவிப்பிற்கும் குறிப்பு எழுதுக.
8. மெய்ப்பிக்கப்படாத பயனைப் பொதியில் எழுதற்க.

ஐயம் நேரின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி நெல்லின் மாதிரியைக் காட்டுக. உணவின் தூய்மை பற்றிய ஐயங்களைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தெரிவிக்குக.

கடல் கடந்து சென்று உழைத்த தமிழ்த் தொழிலாளரின் உயிரைக் காத்தது, பெயரறியாத எத்தனையோ பெண்களும் ஆண்களும் ஊறவைத்து அவித்து உலர்த்தி அனுப்பிய புழுங்கலரிசியே. தாம் காத்தது எத்தனை உயிரென்பது அவர்களுக்குத் தெரியாது. நமக்கோ காரணமும் தெரியும், முறையும் தெரியும், தீங்கு நுழையும் வாயிலும் தெரியும். ஆதலின் நம்முடைய பொறுப்பும் அவர்களுடையதிலும் பெரிது. நாம் கட்டி அனுப்பும் ஒவ்வொரு சாக்கு அரிசியும் எங்கோ ஒரு தாயின் தட்டிற் சோறாகி, அவள் குழந்தைக்குப் பாலாகிறது என்பதை மனத்திற் கொண்டு நெல்லை அவிப்போமாக.